மெல்லிசான ஹைட்ரோஜெல் பிலிமை அளக்கறது எப்படி: அடிக்கடி வர்ற கேள்விகள்

வாளையார் தாண்டி கஞ்சிக்கோடு பக்கம் இருக்கற எங்க லேபுக்கு ப்ராஜெக்ட் பண்ண வர்ற பசங்கள்ல பாதிப் பேரு கோயமுத்தூர், பொள்ளாச்சி, மீதி கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள்ல இருந்து வர்றவங்க. எல்லாரும் வந்ததும் கேக்கற கேள்வி ஏறக்குறைய ஒண்ணுதான், இந்த பிலிம் எவ்வளவு கெட்டின்னு எப்படி அளக்கறதுன்னு, அதனால ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். முழுக்க ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப வரும், மெஷினைப் பத்திக் கவலைப்படறதுக்கு முன்னாடி தடிமனையும் தண்ணியையும் சரி பண்ணுங்க.

அக்கா, ஹைட்ரோஜெல் பிலிம்னா இங்க எதைச் சொல்றீங்க?

தண்ணியை உள்ள பிடிச்சு வெச்சிருக்கற பாலிமர் வலை. கரைசலா ஊத்தி, அதுல லைட் பட்டா வேலை செய்யற இனிஷியேட்டர் கொஞ்சம் போட்டு, யூவி இல்லேன்னா ஊதா எல்ஈடி அடிச்சா கெட்டியாகும். எங்ககிட்ட அதிகமா வர்றது ஜெல்மா, அதாவது ஜெலட்டின்ல மெத்தாக்ரிலாயில் குரூப் ஏத்துனது, அப்புறம் பெக்ங்கற செயற்கைப் பாலிமர்ல பண்ற பெக் டைஅக்ரிலேட். தடிமன் 50 மைக்ரான்ல இருந்து 1 மில்லிமீட்டர் வரைக்கும். மாடுலஸ், அதாவது இழுத்தா அமுக்குனா எவ்வளவு எதிர்க்குதுங்கற கெட்டித்தனத்தோட அளவு, பெரும்பாலும் 1 கிலோபாஸ்கல்ல இருந்து 100 கிலோபாஸ்கல் வரைக்கும். ஹைட்ரோஜெல்லே புதுசா வந்த சமாச்சாரம் கிடையாது, செக்கோஸ்லோவாக்கியா விஞ்ஞானிங்க விக்டெர்லேயும் லிம்மும் 1960லயே மருத்துவத்துக்கு ஆகற ஜெல்லைப் பத்தி எழுதிட்டாங்க, சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் வந்தது அந்த வழியிலதான். 1961 கிறிஸ்துமஸ் சமயத்துல விக்டெர்லே பசங்க விளையாடற மெர்க்குர் செட்டை வெச்சு வீட்லயே மெஷின் கட்டி லென்ஸ் வார்த்தாரு. பெரிய மெஷின் இல்லையேன்னு மனசு விட்டுப்போற பசங்களுக்கு நான் எப்பவும் இதைச் சொல்லுவேன்.

எதுக்கு அளக்கணும்? செல் ஒட்டி வளருதான்னு பாத்தா பத்தாதா?

பத்தாது. 2006ல எங்லர், டிஷர் குழு காட்டுனது என்னன்னா, அதே ஸ்டெம் செல்லை 1 கிலோபாஸ்கல் பக்கம் இருக்கற மெத்துன்னு இருக்கற ஜெல் மேல போட்டா நரம்பு செல் பக்கம் போகுது, 10 கிலோபாஸ்கல் பக்கம்னா தசை பக்கம், அதுக்கும் கெட்டியா போனா எலும்பு பக்கம். அப்போ உங்க பிலிம் 5ஆ 15ஆங்கறதுலயே பதில் மாறிப்போகுது. நீங்க 10ன்னு நம்பிட்டு இருக்கறது நெஜத்துல 5ன்னா, செல்லு ஏன் இப்படிப் பண்ணுதுன்னு வருஷக்கணக்கா தேடிட்டு இருக்க வேண்டியதுதான்.

எங்க காலேஜ்ல யூடிஎம், அதான் பொருளை இழுத்து வலுவைப் பாக்கற மெஷின், இருக்கு. அதுலயே இழுத்துப் பாத்துரலாமா?

இழுக்கறதுக்கு முன்னாடி ஒரு காகிதம் எடுத்துக் கணக்குப் போடுங்க. 5 மில்லிமீட்டர் அகலம், 200 மைக்ரான் தடிமன் உள்ள பட்டைன்னா குறுக்கு வெட்டுப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர். மாடுலஸ் 10 கிலோபாஸ்கல், 10 சதவீதம் இழுக்கறீங்கன்னா அழுத்தம் 1 கிலோபாஸ்கல். விசை எவ்வளவு வரும்? 1 மில்லிநியூட்டன். அதாவது 0.1 கிராம் எடை. கம்பி, சிமென்ட்டு எல்லாம் இழுக்கற 5 கிலோநியூட்டன் லோட் செல்லுக்கு (விசையை அளக்கற சென்சார்) இது கண்ணுலயே படாது, கிராப்ல தெரியற ஏத்த இறக்கம் எல்லாம் வெறும் நாய்ஸ்தான், அதுக்கு நேர்கோடு போட்டு மாடுலஸ்னு எழுதிட்டு வர்ற பசங்களைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா உழைப்பு அவ்வளவும் அதுல போயிருக்கும்.

1 நியூட்டனோ அதுக்கும் கம்மியோ உள்ள லோட் செல் வேணும். அது இல்லேன்னா இழுவை டெஸ்டை விட்டுட்டு கீழ சொல்ற அமுக்கற முறைக்குப் போயிருங்க.

சின்ன லோட் செல் கிடைச்சிருச்சு. இப்போ காத்துல தொங்க விட்டு இழுக்கலாமா, தண்ணிக்குள்ளயா?

தண்ணிக்குள்ளதான். ரெண்டு மூணு காரணம் இருக்கு, ஒண்ணொண்ணும் நீங்க நினைக்கறதை விடப் பெருசு.

முதல்ல பட்டையோட சொந்த எடை. 20 மில்லிமீட்டர் நீளம், 5 அகலம், 0.2 தடிமன்னா 20 கன மில்லிமீட்டர், ஏறக்குறைய எல்லாம் தண்ணிதான், அப்போ 0.02 கிராம், 0.2 மில்லிநியூட்டன். நாம அளக்கப் போறதே 1 மில்லிநியூட்டன். அதுல அஞ்சுல ஒரு பங்கை பட்டையோட எடையே மேல் கிரிப்புக்குக் குடுத்துருது, நீங்க இழுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பட்டை கொஞ்சம் நீண்டுருக்கும். தண்ணிக்குள்ள முக்கிட்டா மிதப்பு விசை இதைக் கிட்டத்தட்ட முழுசா எடுத்துரும்.

அடுத்தது தண்ணியோட மேற்பரப்பு இழுவிசை. பாதிப் பட்டை தண்ணியில பாதி வெளியன்னு வெச்சீங்கன்னா அதுதான் இருக்கறதுலயே மோசம். பட்டையைச் சுத்தி 10.4 மில்லிமீட்டர் சுற்றளவு, தண்ணிக்கு மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், பெருக்குனா 0.75 மில்லிநியூட்டன் வரும். அளக்க வந்த விசையோட முக்கால் பங்கு! பட்டை முழுக்க உள்ள போகணும், மேல் கிரிப்போட மெல்லிசான கம்பி மட்டும்தான் தண்ணி மட்டத்தைத் தாண்டி வரணும், பட்டை இல்லாம ஒருதடவை ஓட்டி அந்த விசையைக் கழிச்சுருங்க.

மூணாவது நம்ம ஊர்க் காத்து. மார்கழி, தை மாசத்துல கெழக்க இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா வறண்ட காத்து அடிக்கும் பாருங்க, அப்போ ஜன்னலும் திறந்து ஃபேனும் ஓடுச்சுன்னா 200 மைக்ரான் பிலிம் நீங்க கிரிப்பை முடுக்கறதுக்குள்ளயே விளிம்புல காய்ஞ்சு நெளிஞ்சு போகும். காயக் காய மாடுலஸ் ஏறும். அதே சாம்பிள் ஆடி மாசத்துல ஒரு நம்பர், தை மாசத்துல ஒரு நம்பர்னு வரும், ரெசிபி மேல பழி போடுவீங்க.

கிரிப்ல வெச்சா நசுங்குது, முடுக்கலைன்னா வழுக்குது. என்ன பண்ண?

பட்டையோட ரெண்டு முனையையும் தண்ணியை ஒத்தி எடுத்துட்டு ஃபெவிகுவிக் ஒரு சொட்டு வெச்சு உப்புத்தாள் துண்டுல ஒட்டுங்க, அப்புறம் கிரிப் பிடிக்கறது உப்புத்தாளை மட்டும்தான். பட்டையை நேரா வெச்சுக்க ஜன்னல் மாதிரி வெட்டுன காகித ஃப்ரேம்ல ஒட்டி, கிரிப்ல மாட்டுன பின்னாடி ஃப்ரேமோட ரெண்டு பக்கத்தையும் கத்தரிச்சு விட்டுருங்க. நீட்சியை கிரிப் நகர்ந்த தூரத்துல இருந்து எடுக்காதீங்க, பட்டை மேல ரெண்டு புள்ளி வெச்சு வீடியோ எடுத்து அந்தப் புள்ளிங்க விலகறதை அளந்துக்குங்க. கிரிப்புக்கிட்டயே அறுந்த சாம்பிளோட உடையற அழுத்தத்தை கணக்குல சேக்க வேண்டாம்.

தடிமனை வெர்னியர்ல அளந்தா என்ன தப்பு?

வெர்னியர் ஜெல்லை அமுக்கிரும். இழுவையில தடிமன் 20 சதவீதம் தப்புன்னா மாடுலஸும் நேரா 20 சதவீதம் தப்பு, லோட் செல் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அதைக் காப்பாத்த முடியாது. மோல்டுல 200 மைக்ரான் ஸ்பேசர் வெச்சேன், அதனால தடிமன் 200ன்னு எழுதறதும் தப்பு, ஏன்னா அது ஊறுறதுக்கு முன்னாடி இருந்த தடிமன்.

நல்ல வழி, ஒரு துண்டை வெட்டி தண்ணிக்குள்ளயே நிமித்தி வெச்சு பக்கவாட்டுல மைக்ராஸ்கோப்ல பாக்கறது. கண்ணாடியில ஒட்டியே இருக்கற பிலிம்னா மேல் பரப்புலயும் அடியிலயும் ஃபோகஸ் பண்ணி நகர்ந்த தூரத்தை எடுக்கலாம், மேல ஃப்ளோரசன்ட் மணி தூவி விட்டா பரப்பு எங்கன்னு நல்லாத் தெரியும். ஆனா காத்து வழியா பாக்கற சாதா லென்ஸ்ல ஜெல்லுக்குள்ள இருக்கறது மேல எழும்பித் தெரியும், அதனால அந்தத் தூரத்தை ஜெல்லோட ஒளிவிலகல் எண்ணால பெருக்கணும், சுமார் 1.34. நெஜமான 200 மைக்ரான் பிலிம் உங்க நாப்ல 150 பக்கம்தான் காட்டும். இந்தப் பெருக்கலை மறந்தா மாடுலஸ் மூணுல ஒரு பங்கு தூக்கலா போயிரும். ஒரு பிலிம்ல நாலஞ்சு எடத்துல பாருங்க, மோல்டு சாஞ்சிருந்தா ஓரத்துக்கு ஓரம் வித்தியாசம் வரும்.

லைட் எவ்வளவு நேரம் அடிக்கணும்?

நேரத்தை மட்டும் சொன்னா யாருக்கும் உபயோகமில்லை. அலைநீளம், சாம்பிள் இருக்கற எடத்துல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட், எத்தனை நொடி, மூணும் வேணும். 10 மில்லிவாட்ல 60 நொடின்னா 600 மில்லிஜூல். ஆனா 20 மில்லிவாட்ல 30 நொடி அடிச்சாலும் அதே 600 தானேன்னு கேப்பாங்க, அதே ஜெல் வராது. லைட் பட்டு இனிஷியேட்டர் உடைஞ்சு வர்ற துடிப்பான துண்டுதான் ரேடிக்கல், அது ரெண்டு ஒண்ணோட ஒண்ணு மோதி அணைஞ்சு போறதால வேகம் லைட்டோட வர்க்கமூலத்தைப் பொறுத்துதான் ஏறும், ரெட்டிப்பு லைட் குடுத்தா ரெட்டிப்பு வேகம் கிடைக்காது.

இனிஷியேட்டரும் எல்ஈடியும் ஜோடி சேரணும். இர்காக்யூர் 2959ங்கற இனிஷியேட்டரைப் போட்டுட்டு 405 நானோமீட்டர் எல்ஈடி அடிச்சா ஒண்ணும் நடக்காது, அது அந்த லைட்டை வாங்கறதே இல்லை. 365லயே அது ரொம்பக் கம்மியாத்தான் உறிஞ்சும், எல்ஏபிங்கற இன்னொரு இனிஷியேட்டர் அதைவிட சுமார் 50 மடங்கு உறிஞ்சும், 405லயும் கொஞ்சம் உறிஞ்சும். மில்லிவாட் அளக்கற லைட் மீட்டரையும் அந்தந்த அலைநீளத்துக்கு செட் பண்ணித்தான் அளக்கணும்.

மேல் பக்கம் கொழகொழன்னு இருக்கு, தண்ணியில போட்டா சுருண்டுக்குது. லைட் அடி வரைக்கும் போகலையா?

பெரும்பாலும் லைட் மேல தப்பில்லை. 0.25 சதவீதம் எல்ஏபி, 365 நானோமீட்டர், 200 மைக்ரான் பிலிம்னா அடிக்கு 90 சதவீதத்துக்கு மேல லைட் போய்ச் சேருது. 1 மில்லிமீட்டர்னா சுமார் 65. அஞ்சு மில்லிமீட்டர் கட்டியா ஊத்துனாத்தான் 12 சதவீதத்துக்கு இறங்கும்.

மெல்லிசான பிலிம்ல வில்லன் ஆக்சிஜன். காத்துப் படற பக்கத்துல ஆக்சிஜன் கரைஞ்சு வந்து ரேடிக்கலைப் பிடிச்சு அணைச்சுட்டே இருக்கும், அங்க வலை அரைகுறையா நிக்கும். அந்தப் பக்கம் அதிகமா ஊறும், நல்லாக் கெட்டியான பக்கம் கம்மியா ஊறும், அதனால பிலிம் கெட்டியான பக்கத்தை உள்ள வெச்சு சுருளும். சுருளுற திசையைப் பாத்தே எந்தப் பக்கம் அரைவேக்காடுன்னு சொல்லிரலாம். கரைசல் மேல கண்ணாடியோ பெட் (PET) பிளாஸ்டிக் தாளோ குமிழி இல்லாம மூடிட்டு லைட் அடிங்க, இல்லேன்னா நைட்ரஜன் ஓட விடுங்க. சுருளுற பிலிமுக்கு ஒரே மாடுலஸ்னு சொல்றதுல அர்த்தமில்லை, முதல்ல அதைச் சரி பண்ணுங்க.

ரியோமீட்டர்ல 6 கிலோபாஸ்கல், இழுவையில 14. எதை நம்பறது?

ரெண்டும் வேற வேற. ரியோமீட்டர் ரெண்டு தட்டுக்கு நடுவுல ஜெல்லை வெச்சு முறுக்கிப் பாக்கும், அது குடுக்கறது ஷியர் மாடுலஸ் (பக்கவாட்டுல நழுவறதுக்கு உள்ள எதிர்ப்பு), இழுவை குடுக்கறது யங் மாடுலஸ் (நீளறதுக்கு உள்ள எதிர்ப்பு). கன அளவு மாறாம நடக்கற வேகமான டெஸ்ட்ல யங், ஷியரைப் போல மூணு மடங்கு. 6க்கு 18 வந்திருக்கணும், உங்களுக்கு 14 வந்திருக்கு.

மிச்ச வித்தியாசம் ஊறுனதுல போயிருக்கும். ரியோமீட்டர்ல குவார்ட்ஸ் தட்டு வழியா லைட் அடிச்சு அங்கயே அளக்கறோம், ஜெல் இன்னும் ஊறவே இல்லை. இழுக்கறதோ ஒரு ராத்திரி உப்புக் கரைசல்ல ஊறுனதை. கன அளவு ரெண்டு மடங்கானா ரப்பர் நெகிழ்வுக் கணக்குப்படி மாடுலஸ் ஏறக்குறைய 20 சதவீதம் இறங்கும், 18ல 20 சதவீதம் கழிச்சா 14.4, கிட்டத்தட்ட உங்க நம்பர்தான். ரியோமீட்டர்லயும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான தட்டு போடுங்க, ஓரத்துல பாரஃபின் எண்ணெய் விடுங்க, கெட்டியாகும்போது ஜெல் சுருங்கி தட்டைக் கீழ இழுக்கும், அதனால நார்மல் ஃபோர்ஸைப் பூஜ்யத்துல வெச்சு இடைவெளியைத் தானா அட்ஜஸ்ட் பண்ண விடுங்க.

இன்னொண்ணு, கண்ணாடியில கெமிக்கலா ஒட்டுன பிலிம் பக்கவாட்டுல ஊற முடியாது, எல்லாமே மேல்நோக்கித்தான் போகும். சும்மா மிதக்கற பிலிம் கன அளவு ரெட்டிப்பானா ஒவ்வொரு பக்கமும் 1.26 மடங்குதான், 200 மைக்ரான் 252 ஆகும். ஒட்டுன பிலிம் 400 ஆயிரும். ஒரே பாட்டில்ல இருந்து ஊத்துனதுதான், ஆனா அளக்கும்போது ரெண்டும் ஒண்ணில்லை.

இண்டென்டேஷன்ல, அதாவது முனையால அமுக்கிப் பாக்கற முறையில, தடிமன்ல 10 சதவீதத்துக்குள்ள அமுக்குனா அடிக் கண்ணாடி பாதிக்காதுன்னு சொல்றாங்களே?

இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் நின்னு சண்டை போட்டுச் சொல்றது. அந்த விதி கூர்முனையை வெச்சு உலோகப் பூச்சோட கடினத்தன்மையைப் பாக்கறவங்க கொண்டு வந்தது. உருண்டை முனையை வெச்சு மெத்து ஜெல்லை அமுக்கறவங்களுக்கு அது சரிப்படாது. நுங்குச் சுளையை மெல்லிசா சீவி அம்மிக்கல்லு மேல வெச்சு விரலால அமுக்கிப் பாருங்க, விரல் கொஞ்சம் இறங்குனதுமே கல்லு தெரியும். எவ்வளவு ஆழம் இறங்குனோம்ங்கறதை விட எவ்வளவு அகலம் தொடறோம்ங்கறதுதான் முக்கியம்.

கணக்காவே பாக்கலாம். அரை மில்லிமீட்டர் ஆரம் உள்ள உருண்டை, 20 மைக்ரான் அமுக்கம். தொடற வட்டத்தோட ஆரம், ஆரத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 100 மைக்ரான். பிலிம் 200 மைக்ரான். ஆழம் சரியா 10 சதவீதம்தான், விதிப்படி பாஸ். ஆனா தொடற ஆரம் தடிமன்ல பாதி. ஒட்டுன பிலிமுக்கு டிமிட்ரியாடிஸ் குழு 2002ல குடுத்த திருத்தத்துல இதைப் போட்டா விசை ரெண்டு மடங்கு வருது. அப்போ 10 கிலோபாஸ்கல் ஜெல்லை ஹெர்ட்ஸ் சூத்திரம் (ஜெல் ரொம்பத் தடிமன்னு வெச்சுப் போடற கணக்கு) 20ன்னு சொல்லும். தொடற ஆரம் தடிமன்ல இருபதுல ஒரு பங்குன்னா தப்பு 6 சதவீதம்தான். ஒண்ணு சின்ன உருண்டைக்குப் போங்க, இல்லேன்னா திருத்தத்தைப் போடுங்க. திருத்தம் போடவும் தடிமன் சரியாத் தெரியணும், திரும்ப அங்கதான் வந்து நிக்கறோம்.

மெஷினே இல்லைங்க. ஏதாவது வழி உண்டா?

உண்டு. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீல் பேரிங் குண்டு வாங்குங்க. தண்ணிக்குள்ள அதோட எடை சுமார் 35 மைக்ரோநியூட்டன், அதுதான் உங்க விசை, எந்த கேலிப்ரேஷனும் வேண்டாம். 10 கிலோபாஸ்கல் மாடுலஸ் உள்ள தடிமனான ஜெல் மேல வெச்சா 20 மைக்ரான் இறங்கும், ஃப்ளோரசன்ட் மணி தூவி மைக்ராஸ்கோப்ல ஃபோகஸ் பண்ணி அந்தக் குழியோட ஆழத்தை எடுக்கலாம். 200 மைக்ரான் பிலிம் மேல வெக்காதீங்க, மேல சொன்ன கண்ணாடிப் பிரச்சனை வரும். அதே கரைசல்ல 2 மில்லிமீட்டர் வில்லை ஊத்தி ரெண்டு பக்கமும் லைட் அடிச்சு அதுல பாருங்க. பிலிம் நம்பர்னு எழுதாம வில்லையில அளந்ததுன்னே எழுதுங்க.

அமுக்கிப் பிடிச்சு வெச்சா விசை குறைஞ்சுட்டே போகுது. ஜெல் கெட்டுப் போச்சா?

இல்லை, ரெண்டு விஷயம் நடக்கலாம். பாலிமர் சங்கிலி நெளிஞ்சு இடம் மாறலாம், இல்லேன்னா அமுங்குன எடத்துல இருந்து தண்ணி வெளிய நகரலாம். எதுன்னு கண்டுபிடிக்க வேற வேற அளவு உருண்டை வெச்சுப் பாருங்க. சங்கிலி நெளியறதுன்னா எந்த உருண்டைக்கும் ஒரே நேரம் எடுக்கும். தண்ணி நகர்றதுன்னா தொடற ஆரத்தோட வர்க்கத்துக்கு ஏத்தபடி நேரம் நீளும். உதாரணத்துக்கு ஜெல்லுக்குள்ள தண்ணி நொடிக்கு 100 சதுர மைக்ரான் கணக்குல பரவுதுன்னு வெச்சுக்கங்க, தொடற ஆரம் 10 மைக்ரான்னா 1 நொடி, 100 மைக்ரான்னா 100 நொடி, 1 மில்லிமீட்டர்னா 10,000 நொடி, கிட்டத்தட்ட மூணு மணி நேரம். பக்கத்து லேப்ல சின்ன முனையில மெதுவா அமுக்கறவங்களுக்கு தண்ணி போன பின்னாடி உள்ள நம்பரும், நீங்க பெரிய உருண்டையில படக்குனு அமுக்கும்போது தண்ணி போறதுக்கு முன்னாடி உள்ள நம்பரும் வரும், ரெண்டும் உண்மைதான். குண்டு வெச்ச எத்தனையாவது நிமிஷத்துல படிச்சீங்கன்னு எழுதறது இதுக்காகத்தான்.

ஏஎஃப்எம் (ரொம்பச் சின்ன முனையால தொட்டு அமுக்கிப் பாக்கற மைக்ராஸ்கோப்) பண்ணா எல்லாம் சரியாயிருமா?

மெல்லிசான பிலிமுக்கு அது நல்லதுதான், உருண்டை ஒட்டுன மெத்து கேன்டிலீவர் (நாக்கு மாதிரி வளையற மெல்லிசான பட்டை), அதோட விறைப்பு மீட்டருக்கு 0.01ல இருந்து 0.1 நியூட்டன் வரைக்கும், தண்ணிக்குள்ள. கூர்முனை வேண்டாம். ஆனா எங்க பக்கம் வாளையார் ரோட்ல லாரி ஓடிட்டே இருக்கும், ரயில் லைனும் கிட்டத்துல, அதிர்வு தடுக்கற மேஜை இல்லேன்னா கர்வ்ல அலை அலையா வரும். ராத்திரி நேரத்துல ஓட்டிப் பாருங்க, எவ்வளவு வித்தியாசம்னு தெரியும்.

வெயில் காலத்துல ஜெல்மா பிலிம் மட்டும் மெத்துன்னு வருது, ஏன்?

ஜெல்மா குளுந்தா லைட் இல்லாமலே தானா இறுகும், சூட்டுல கரைஞ்சு நிக்கும். இறுகி இருக்கும்போது லைட் அடிச்சா சங்கிலிங்க கட்டி நிக்கற நிலையிலயே பூட்டிக்கும், சூட்டுல அடிச்சா வேற வலை. பாலக்காட்டுப் பக்கம் மார்ச், ஏப்ரல்ல வெளிய 40 டிகிரி தொடும், மத்தியானம் ஏசி நின்னுச்சுன்னா காலைல வார்த்த பிலிமும் சாயங்காலம் வார்த்ததும் ஒத்துப்போகாது. மோல்டுக்கு அடியில வெப்பநிலையைப் பிடிச்சு வெச்சு, லைட் அடிக்கற நேரத்துல எத்தனை டிகிரின்னு குறிச்சுக்கங்க.

எத்தனை சாம்பிள் போதும்?

ஒரே பிலிம்ல பத்து எடத்துல குத்துனா அது பத்து சாம்பிள் இல்லை, ஒண்ணுதான். தனித்தனியா கரைசல் கலக்கி, தனித்தனியா வார்த்த பிலிம் குறைஞ்சது மூணாவது வேணும்.

தீசிஸ்ல என்னென்ன எழுதணும்?

ஊறுன பின்னாடி உள்ள தடிமனும் அதை அளந்த விதமும், எதுல ஊறுச்சு எத்தனை மணி நேரம் எத்தனை டிகிரி, லைட்டோட அலைநீளம் மில்லிவாட் நொடி, மூடி அடிச்சதா திறந்து அடிச்சதா, முனையோட ஆரமும் அமுக்குன ஆழமும் வேகமும், ஒட்டுன பிலிமா மிதக்கறதா. ஜெல்மாவுக்கு சார்ஜ் இருக்கறதால வெறும் தண்ணியில ஊறுனதுக்கும் பிபிஎஸ்ல (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) ஊறுனதுக்கும் நம்பர் மாறும், அதையும் விடாதீங்க. பக்கம் ஏறுதேன்னு கைடு சொன்னா அனுபந்தத்துல போடுங்க, ஆனா போடுங்க.

மீதி பிலிமை அடுத்த வாரம் அளக்கலாமா?

பெக் பிலிம்னா பிபிஎஸ்ல மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஒரு வாரத்துல அளக்கலாம். ஜெல்மாவுல கிருமி சீக்கிரம் ஏறும், ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும் மறுபடி 37 டிகிரிக்குக் கொண்டு வந்து நிலையான பின்னாடிதான் தொடணும். கிருமி ஏறாம இருக்க சோடியம் அசைடு போடறவங்க கிளவுஸ் போட்டுக்கங்க, அது விஷம், மிச்சத்தை சிங்க்ல ஊத்தக் கூடாது, பைப்ல இருக்கற செம்பு, ஈயத்தோட சேந்தா வெடிக்கற உப்பாகும். தனி பாட்டில்ல சேத்து வெச்சு லேப் வேஸ்ட்ல குடுத்துருங்க.